பத்தில் ஒன்று போனால் மிச்சம் எத்தனை?

1961 செப்டம்பர் 19 அன்று ஜமைக்கா மக்கள் வாக்களித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியன் தீவுகளின் மேற்கிந்தியக் கூட்டாட்சியில் தொடர்வதா, விலகுவதா என்பது கேள்வி. 54 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். கூட்டாட்சியில் இருந்தவை பத்துப் பகுதிகள். ஒன்று போனால் ஒன்பது மிஞ்ச வேண்டும். ஆனால் டிரினிடாடின் தலைவர் எரிக் வில்லியம்ஸ் வேறு கணக்குச் சொன்னார்: பத்திலிருந்து ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம். சொன்னதோடு நிற்கவில்லை, அவரும் ஒதுங்கிக்கொண்டார். 1962 மே 31 அன்று கூட்டாட்சி கலைக்கப்பட்டது. அது பிறந்து நான்கரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இதே கழித்தல் கணக்கு ஐரோப்பாவுக்கும் வந்தது. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். அடுத்து யார் என்று உடனே பேச்சு கிளம்பியது. பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி என்று பெயர்கள் அடிபட்டன. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. அதன் பின்னால் இதுவரை யாரும் போகவில்லை. 28ல் ஒன்று போக 27 அப்படியே இருக்கிறது.

ஒரே கணக்குக்கு ஏன் இரண்டு விடை? விலகுவது சரியா தவறா என்பது விலகுகிறவர்களின் கவலை. நான் பார்க்க நினைப்பது மிச்சமிருப்பவர்களின் பக்கத்தை. ஒரு நாடு கிளம்புகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டது, மற்றவர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கையில் இருப்பவை ஏறக்குறைய நான்கு வழிகள். சலுகை கொடுத்து இருக்க வைக்கலாம். மிரட்டிப் பார்க்கலாம். கணக்குத் தீர்த்து, விலை சொல்லி அனுப்பலாம். இல்லையென்றால் பெரிதாக எதுவும் கேட்காமல் வழியனுப்பிவிட்டு, கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். நான்கையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. எது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரியும்.

அதற்கு முன்னால், போகிற நாடு எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டும். வரைபடத்தை வைத்து இதை அளந்தால் ஏமாந்துபோவோம். 1985 பிப்ரவரி 1 அன்று டென்மார்க்கின் பகுதியான கிரீன்லாந்து அன்றைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டு விலகியது. சமூகத்தின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. யாரும் கலங்கவில்லை. போனது பனியும் மீனும், ஐம்பதாயிரம் சொச்சம் மக்களும்தான்.

2025 ஜனவரி 29 அன்று மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் எக்கோவாஸ் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகின. அங்கும் நிலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பொருளாதாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். காகிதத்தில் பார்த்தால் எக்கோவாஸ் இதைச் சுலபமாகத் தாங்க வேண்டும். ஆனால் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹெல் பகுதியின் ஆயுதக் குழுக்கள் கடற்கரை நாடுகளை நோக்கி இறங்கும் பாதை இந்த மூன்று நாடுகள் வழியாகத்தான் போகிறது. இவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பெனினும் டோகோவும் தங்கள் வடக்கு எல்லையைக் காப்பது பெரும்பாடு. பணக் கணக்கில் சின்ன இழப்பு, காவல் கணக்கில் பெரிய இழப்பு.

ஜமைக்கா இந்த இரண்டு வகையிலும் சேராது. கூட்டாட்சியின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அது போனால் சிறு தீவுகளின் செலவெல்லாம் டிரினிடாட் தலையில் விழும். வில்லியம்ஸின் பூஜ்யக் கணக்கு பிறந்தது அங்கேதான். அப்படிப்பட்ட நாடு எழுந்து போகும்போது மிச்சமிருப்பவர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் பழைய வீடு நிற்காது என்பது என் எண்ணம். புதிதாக வேறொன்றைக் கட்ட வேண்டியதுதான். கரீபியன் நாடுகள் அதைத்தான் செய்தன. 1973ல் காரிகாம் என்ற தளர்வான அமைப்பாகத் திரும்பக் கூடினார்கள். ஜமைக்காவும் அதில் இருக்கிறது.

பிரிட்டன் நடுத்தரமான கனம். ஒன்றியத்தின் இரண்டாவது பெரிய பொருளாதாரம், மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கு, பொதுச் செலவுக்கு வாங்கியதைவிட அதிகம் கொடுத்த நாடு. அது போனால் வலிக்கும், ஆனால் உயிர் போகாது. இந்த மாதிரி இடத்தில்தான் மிச்சமிருப்பவர்கள் எடுக்கும் முடிவுக்கு மதிப்பு அதிகம்.

சரி, முதல் வழி: சலுகை. பிரிட்டனையே வைத்துப் பேசலாம், ஏனென்றால் அந்த நாட்டை உள்ளே வைத்திருக்க நாற்பது வருடமாகச் சலுகை கொடுத்தார்கள். 1973ல் சேர்ந்தது. அடுத்த வருடமே நிபந்தனைகளைத் திரும்பப் பேச வேண்டும் என்றது; பேசினார்கள். 1975 பொது வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். அந்த முறை சலுகை வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். 1984ல் மார்கரெட் தாட்சர் பணத்தைத் திரும்பக் கேட்டு வாதாடி, பிரிட்டன் கொடுப்பதற்கும் பெறுவதற்குமான வித்தியாசத்தில் 66 சதவீதத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை வாங்கினார். 2016 பிப்ரவரியில் பிரதமர் டேவிட் கேமரனுக்கு இன்னொரு பொட்டலம் கிடைத்தது: புதிதாக வரும் ஐரோப்பியத் தொழிலாளர்களுக்கான அரசு உதவியைச் சில வருடம் மட்டுப்படுத்தலாம், மேலும் மேலும் நெருங்கும் ஒன்றியம் என்ற இலக்கு பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது. நான்கு மாதத்தில் வாக்காளர்கள் அதைச் சீண்டக்கூட இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று 1984 சலுகையின் பின்கதை. பிரிட்டனுக்குத் திருப்பித் தரும் பணத்தை மற்ற நாடுகள்தானே போட வேண்டும்? நாங்கள் மட்டும் ஏன் முழுப் பங்கு போட வேண்டும் என்று ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன் கேட்டன. அவர்களுக்கும் தள்ளுபடி கிடைத்தது; தள்ளுபடியின் மேல் ஒரு தள்ளுபடி. பிரிட்டன் 2020ல் போனது. 2021 முதல் 2027 வரைக்கான நிதித் திட்டத்தில் இந்த நான்கு நாடுகளுக்கும் டென்மார்க்குக்கும் தள்ளுபடி தொடர்கிறது. யாருக்காகத் தொடங்கியதோ அவர் கிளம்பிவிட்டார். பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சலுகை வழியின் உண்மையான செலவு இது. போக நினைப்பவருக்குக் கொடுப்பதை இருக்க நினைப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகச் சலுகையே கூடாது என்று சொல்ல மாட்டேன். நேரம் முக்கியம். 1965 ஜூன் இறுதியில் பிரெஞ்சு அதிபர் டி கோல் விலகவில்லை, ஆனால் தன் அமைச்சர்களைக் கூட்டங்களுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். காலி நாற்காலி நெருக்கடி என்று அதைச் சொல்வார்கள். ஆறேழு மாதம் கழித்து 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம்: மிக முக்கியமான நலன் என்று ஒரு நாடு சொல்லும் விஷயத்தில் ஒருமித்த முடிவு வரும்வரை பேசிக்கொண்டே இருப்பது. அதனால் பல வருடம் ஐரோப்பிய முடிவுகள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. ஆனாலும் பிரான்ஸ் இல்லாத ஐரோப்பியச் சமூகம் என்று ஒன்று இருந்திருக்காது. நாற்காலி காலியாக இருக்கும்போதே பேசிவிட்டார்கள். மக்களிடம் வாக்குக் கேட்ட பிறகோ, விலகல் கடிதம் வந்த பிறகோ கொடுக்கும் சலுகை, மருந்துக் கடை மூடிய பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது மாதிரி.

காலி நாற்காலியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க் இருக்கிறது. 2014ல் காத்மாண்டுவில் நடந்ததுதான் அதன் கடைசி உச்சி மாநாடு. 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, இந்தியாவும் வேறு சில நாடுகளும் வர மறுத்ததால் நின்றது. யாரும் விலகவில்லை. உறுப்பினர் எண்ணிக்கை எட்டு, எட்டாகவே இருக்கிறது.

அடுத்தது மிரட்டல். 2023 ஜூலை 26 அன்று நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்கே நாளில் எக்கோவாஸ் கூடி, ஒரு வாரம் கெடு வைத்தது: அதிபரைத் திரும்ப அமர்த்துங்கள், இல்லையென்றால் படைபலத்தையும் பயன்படுத்துவோம். எல்லைகள் மூடப்பட்டன. மத்திய வங்கியில் இருந்த நைஜரின் சொத்துகள் முடக்கப்பட்டன. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜர் தன் மின்சாரத்தில் பெரும்பகுதிக்கு நைஜீரியாவை நம்பியிருந்த நாடு. விளக்குகள் அணைந்தன, உணவும் மருந்தும் விலையேறின.

கெடு முடிந்தது. படை போகவில்லை. போகவும் முடியாது. நைஜீரியாவின் செனட்டே படையனுப்ப ஆதரவு தரவில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே ஹௌசா மக்கள், ஒரே குடும்பங்கள். மாலியும் புர்கினா பாசோவும் நைஜரைத் தாக்கினால் அது எங்கள் மீதான போர் என்று அறிவித்துவிட்டன. அந்தச் செப்டம்பரிலேயே மூன்றும் சாஹெல் நாடுகளின் கூட்டணி என்று ஒப்பந்தம் போட்டன. 2024 ஜனவரி 28 அன்று மூன்றும் சேர்ந்து எக்கோவாஸிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அடுத்த மாதமே நைஜர் மீதான தடைகளில் பெரும்பாலானவற்றை எக்கோவாஸ் நீக்கியது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

எக்கோவாஸ் தலைவர்கள் இருந்த இடத்தில் நானாக இருந்தாலும் தடுமாறியிருப்பேன் என்றே நினைக்கிறேன். மாலியில் 2020லும் 2021லும், புர்கினா பாசோவில் 2022ல் இரண்டு முறையும் ஆட்சிக் கவிழ்ப்பு. அடுத்து நைஜர். இதையும் சும்மா விட்டால் அடுத்து நாம்தான் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் நிறைவேற்ற முடியாத மிரட்டலால் இரட்டை நஷ்டம். மிரட்டப்பட்டவருக்குத் தன் மக்களிடம் காட்ட ஒரு வெளி எதிரி கிடைக்கிறார். இவர்களால் ஒன்றும் முடியாது என்பது மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைவிடக் கேடு, மின்சாரம் போனது ராணுவத் தளபதிகளின் வீட்டில் மட்டும் இல்லை. பிராந்திய அமைப்பு என்றால் என்ன என்று கேட்டால், நைஜரின் சாதாரண மனிதருக்கு இனி நினைவுக்கு வரப்போவது அந்த இருட்டுதான்.

மூன்றாவது வழியை, அதாவது விலை சொல்லி அனுப்புவதை, ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனிடம் செய்தது. வாக்கெடுப்பு முடிந்து ஆறாவது நாள், 2016 ஜூன் 29 அன்று, பிரிட்டன் இல்லாமல் 27 நாடுகளும் கூடி இரண்டு விஷயங்களை உறுதிசெய்தன. முறையான விலகல் கடிதம் வராமல் பேச்சுவார்த்தை கிடையாது. ஒற்றைச் சந்தை வேண்டுமென்றால் பொருள், சேவை, மூலதனம், மக்கள் என்ற நான்கின் தடையற்ற போக்குவரத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. பிரிட்டனின் கடிதம் 2017 மார்ச் 29 அன்று வந்தது. அதோடு, விலகலுக்கு வழி சொல்லும் ஒன்றிய ஒப்பந்தத்தின் ஐம்பதாவது பிரிவின் இரண்டு வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. நேரம் குறையக் குறைய நெருக்கடி போகிறவருக்குத்தான்.

ஒன்றியத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்கு ஒரே ஆள், மிஷேல் பார்னியே. முதலில் பணப் பாக்கி, குடிமக்களின் உரிமை, அயர்லாந்து எல்லை. அவற்றில் போதிய முன்னேற்றம் வந்த பிறகே வணிகம். பார்னியே 2017 டிசம்பரில் ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். ஒவ்வொரு படியும் ஒரு வகை உறவு, நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி என்று. பிரிட்டன் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றும் அதை ஒரு படி கீழே இறக்கியது. கடைசியில் அது வந்து நின்ற இடம் கனடா, தென் கொரியா போன்ற நாடுகளோடு இருக்கும் சாதாரண வணிக ஒப்பந்தம். தண்டனை என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கேட்டதுதான் இது என்று படம் சொல்லியது.

விளைவு? பிரான்ஸில் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென் 2017 தேர்தலில் யூரோவை விடுவோம், வாக்கெடுப்பு நடத்துவோம் என்று பேசியவர், 2022ல் அந்தப் பேச்சைக் கைவிட்டிருந்தார். சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி 2019லேயே விலகல் கோரிக்கையை மூட்டை கட்டியது. இதற்கெல்லாம் ஒன்றியத்தின் சாமர்த்தியம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பிரிட்டனின் சொந்தக் குழப்பம் பாதி வேலையைச் செய்துகொடுத்தது. பிரதமர் தெரேசா மேயின் விலகல் ஒப்பந்தத்தை அவர் நாடாளுமன்றமே மூன்று முறை தோற்கடித்தது. 2016க்கும் 2022க்கும் இடையில் அந்த நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்தது. ஐரோப்பாவின் வாக்காளர் ஒவ்வொருவரும் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்றியம் நிலையாக இருந்தது என்பதால் அது பழையபடியே இருந்தது என்று ஆகிவிடாது. பிரிட்டனின் முதுகுக்குப் பின்னால் நின்று சிக்கனம் பேசிவந்த சின்ன வடக்கு நாடுகள் தனியாகிவிட்டன. 2020 ஜூலையில், கொரோனா நெருக்கடியின் நடுவே, 75,000 கோடி யூரோவைக் கூட்டாகக் கடன் வாங்கும் திட்டத்துக்கு 27 தலைவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் சுவீடனும் டென்மார்க்கும் முரண்டுபிடித்துப் பார்த்தன, கொஞ்சம் வெட்டவும் செய்தன, ஆனால் நிறுத்த முடியவில்லை. மேசையில் பிரிட்டன் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒருவர் போனதும் மேசையின் எடை ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கம் இருப்பவர்கள் அதை ஒற்றுமை என்பார்கள்.

விலை சொல்லும் வழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: விற்க ஏதாவது இருக்க வேண்டும். ஐரோப்பாவிடம் ஒற்றைச் சந்தை இருந்தது. எக்கோவாஸிடம் அந்த அளவுக்கு இல்லை. இதற்குச் சாட்சி சாஹெல் நாடுகளேதான். எக்கோவாஸை உதறிய மூன்றும், சிஎஃப்ஏ பிராங்கைப் பொது நாணயமாகக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார நாணய ஒன்றியத்தை விட்டு விலகவில்லை. பிரான்ஸை அவ்வளவு சத்தமாகத் திட்டிய அரசுகள்தான், பிரெஞ்சுக் காலனிக் காலத்தில் பிறந்த நாணயத்தை இன்னும் பையில் வைத்திருக்கின்றன. மாநாட்டுக்குப் போகாமல் இருக்கச் செலவில்லை. நாணயத்தை மாற்றுவதற்கு நிறையச் செலவு.

நான்காவது வழி, அமைதியாக விடைகொடுப்பது. கிரீன்லாந்து மக்கள் 1982 பிப்ரவரியில் வாக்களித்தார்கள், சிறு வித்தியாசத்தில் விலகல் வென்றது. மூன்று வருடம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே மீன்பிடிக்கலாம், அதற்குப் பணம் தருவார்கள், கிரீன்லாந்தின் மீன் சுங்க வரி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் வரலாம். இரண்டு பக்கமும் கைகுலுக்கிப் பிரிந்தன. யாரும் அதைப் பார்த்துத் தானும் விலக நினைக்கவில்லை, ஏனென்றால் கிரீன்லாந்து மாதிரி இன்னொரு பகுதி உள்ளே இல்லை.

எக்கோவாஸும் மிரட்டல் தோற்ற பிறகு இந்த வழிக்குத்தான் வந்தது. 2024 டிசம்பரில் அபுஜாவில் கூடிய தலைவர்கள், விலகல் நடைமுறைக்கு வந்த பிறகும் ஆறு மாதம் மனம் மாற அவகாசம் வைத்தார்கள். விலகிய அன்றே, எக்கோவாஸ் சின்னம் பொறித்த கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் மறு அறிவிப்பு வரும்வரை செல்லும், சரக்குகளும் பழையபடி வரலாம் என்று அறிவித்தார்கள். மூன்று நாடுகளுக்கும் கடல் கிடையாது. அபிஜான், லோமே, தெமா, கோட்டோனு போன்ற அண்டை நாட்டுத் துறைமுகங்கள்தான் வாசல். புர்கினா பாசோவிலிருந்து வந்தவர்கள் ஐவரி கோஸ்டில் பெருந்திரளாக வாழ்கிறார்கள். எல்லையில் கம்பி கட்டினால் கிழிவது இரண்டு பக்கத்துச் சட்டையும்தான். 2025 மார்ச்சில் சாஹெல் கூட்டணி, வெளியிலிருந்து வரும் பொருள்கள் மீது 0.5 சதவீதத் தீர்வை போட்டது. அதற்குப் பதிலடி என்று எக்கோவாஸ் எல்லையை மூடிவிடவில்லை, சரியாகத்தான் செய்தது.

மென்மையான வழியில் ஆபத்து இல்லாமல் இல்லை. வெளியே போயும் எல்லாம் கிடைக்கிறது என்றால் உள்ளே இருந்து சந்தா கட்டுவது எதற்கு? டோகோவின் வெளியுறவு அமைச்சர் சாஹெல் கூட்டணியில் சேர்வது நடக்காத காரியமில்லை என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இந்த வழியைத் தேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் டோகோவின் தலைநகர் லோமே, மாலியின் தலைநகர் பமாகோ இல்லை.

எந்த வழி என்று என்னைக் கேட்டால், முதலில் பார்ப்பது அடுத்து யார் என்பதைத்தான். போகிறவரைப் போன்றவர்கள் உள்ளே இன்னும் மூன்று நான்கு பேர் இருந்து, ஒன்றியத்திடம் இழக்க மனம் வராத ஏதோ ஒன்றும் இருந்தால், ஐரோப்பாவின் வழி: கோபம் இல்லாமல், ஆனால் காசு விஷயத்தில் கறாராக. போகிறவர் தனி ரகம் என்றால் கிரீன்லாந்து வழி. ஒன்றியத்திடம் விற்க எதுவும் இல்லை, ஆனால் மக்கள் பின்னிப் பிணைந்திருக்கிறார்கள் என்றால், அரசுகளோடு முறைத்துக்கொண்டாலும் கடவுச்சீட்டைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி வகைக்குப் பொறுமையும் வேண்டும். மேற்கு சகாராவின் பெயரால் 1984ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை விட்டுப் போன மொராக்கோ, 2017ல்தான் அதன் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் திரும்பியது. மிரட்டலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் எந்த வழிக்கும், வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது உதவுகிறது. எக்கோவாஸின் ஒப்பந்தத்தில் 91வது பிரிவு ஒரு வருட முன்னறிவிப்புக் கேட்டதால்தான், உடனே போகிறோம் என்ற மூன்று நாடுகளோடு பேச அந்த ஒரு வருடம் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977ல் உடைந்தபோது கென்யாவும் டான்சானியாவும் உகாண்டாவும் ரயிலையும் விமானத்தையும் துறைமுகத்தையும் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து முடிக்க 1984 ஆனது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் சாசனத்தில் இன்றும் விலகலுக்கென்று ஒரு பிரிவு இல்லை. கதவை எழுதி வைத்தால் போகச் சொல்வது போலாகும் என்று ஒரு தயக்கம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐம்பதாவது பிரிவை வரைந்த ஜான் கெர், சர்வாதிகாரி ஒருவர் ஏதாவதொரு உறுப்பு நாட்டில் ஆட்சியைப் பிடித்துக் கோபித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்ற எண்ணத்தில்தான் அதை எழுதியதாகப் பின்னர் சொன்னார். கெர் ஒரு பிரிட்டிஷ்காரர்.